கடன் வைக்காத பரிசு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றியறிதல் நாள் முடிந்ததும் தொடங்கும் பண்டிகைக் காலத்தில், அலுவலகங்களிலும் நண்பர் வட்டங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் நடத்தப்படும் பரிசு மாற்று விருந்து, வெளிப்பார்வைக்கு ஒரு மாலை நேரக் கேளிக்கை மட்டுமே. வருகிறவர் ஒவ்வொருவரும் வண்ணத்தாளில் பொதிந்த ஒரே ஒரு பொருளைக் கொண்டுவருவதும், திரும்பும்போது வேறொருவர் கொண்டுவந்த ஒரே ஒரு பொருளோடு போவதும்தான் அதன் சாரம். ஆனால், வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்று எல்லாச் சமூகங்களிலும் அன்பளிப்போடு ஒட்டிக்கொண்டு வரும் கடப்பாட்டுக்கு, இந்த எளிய ஏற்பாட்டுக்குள் நடைமுறை சார்ந்த ஒரு விடை இருக்கிறது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் அலுவலகங்களுக்கு இந்த விருந்து வந்து சேர்ந்து ஆண்டுகள் பல ஆகியும், அந்த விடை பெரும்பாலும் கூடவே வரவில்லை. வந்தவை சிவப்புத் தொப்பியும் மினுமினுக்கும் காகிதமும்தான்.

இவ்விருந்தில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முதலாவது 'சீக்ரெட் சான்டா' எனப்படும் மறைமுக அன்பளிப்பு: கூட்டத்தில் உள்ள எல்லோருடைய பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கொரு சீட்டு எடுத்து, யார் பெயர் வருகிறதோ அவருக்கு, கொடுப்பவர் இன்னார் என்று தெரியாதபடி ஒரு பொருளை வாங்கி வைப்பது. பிரேசிலில் 'அமிகோ செக்ரெட்டோ' என்றும், பிலிப்பைன்ஸில் 'மோனிட்டோ மோனிட்டா' என்றும் இது வழங்குகிறது. நெதர்லாந்தில் டிசம்பர் 5ஆம் நாள் மாலை, புனித நிக்கோலஸ் திருநாளுக்கு முந்திய பொழுதில், பரிசோடு கூடப் பெறுபவரைச் சீண்டும் ஒரு பாட்டையும் எழுதி வைப்பார்கள். தமிழ்நாட்டின் கல்லூரி விடுதிகளிலும் தேவாலய இளைஞர் குழுக்களிலும் விளையாடப்படும் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' இதே இனத்தைச் சேர்ந்தது. அதில் 'அம்மா' தன் 'பிள்ளை'க்குப் பரிசு கொடுக்கும் முன், துண்டுச்சீட்டில் ஒவ்வொரு 'டாஸ்க்' ஆக அனுப்பிக்கொண்டிருப்பார்: இரண்டு கால்களிலும் வெவ்வேறு செருப்புப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வர வேண்டும், மெஸ்ஸில் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பதுபோல. பரிசைவிட இந்தச் சீட்டுகளே அந்த விளையாட்டின் உயிர்.

இரண்டாவது வகை 'வெள்ளை யானை' ஆட்டம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் இதற்கு 'யாங்கி ஸ்வாப்' என்று பெயர். இங்கே எந்தப் பரிசும் எவர் பெயருக்கும் உரியதன்று. எல்லாப் பொதிகளும் நடுவில் குவிக்கப்படுகின்றன. வந்தவர்கள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் எண் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் எண்காரர் ஒரு பொதியை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கிறார். இரண்டாம் எண்காரர், அந்தப் பொருள் பிடித்திருந்தால் அதைப் பறித்துக்கொள்ளலாம், இல்லையேல் புதுப் பொதி ஒன்றைப் பிரிக்கலாம். பறிகொடுத்தவர் உடனே வேறொருவரிடமிருந்து பறிக்கவோ புதியதைப் பிரிக்கவோ உரிமை பெறுகிறார். பறிகொடுத்த பொருளை அதே சுற்றில் திரும்பப் பறிக்கக் கூடாது என்பதும், மூன்று முறை பறிபோன பொருள் அதற்குமேல் அசையாது என்பதும் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் துணைவிதிகள். பெயர்க்காரணமாக ஒரு கதை சொல்லப்படுவதுண்டு: சயாம் நாட்டு மன்னர்கள் தங்களுக்கு ஆகாத அரசவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, வேலை வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல், தீனி போட்டே அவர்களை ஓட்டாண்டியாக்கினார்களாம். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. வெள்ளை யானையை அரசின் மங்கலச் சின்னமாகப் போற்றிய ஒரு நாட்டில், அதை வேண்டாதவர் வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள் என்பதை நம்புவதும் கடினம். கதை பொய்யாயினும் அது பேசும் அச்சம் மெய்யானது. மறுக்கவும் இயலாத, வைத்துக்கொள்ளவும் இயலாத அன்பளிப்பை அறியாத வீடு உலகில் இருக்க வாய்ப்பில்லை.

அந்த அச்சத்தின் வேரை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ். 1925இல் வெளிவந்த, அன்பளிப்பு பற்றிய தம் நீண்ட ஆய்வுரையில், பாலினேசியா, மெலனேசியா, வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை ஆகிய பகுதிகளின் வழக்கங்களை ஒப்பிட்டு, கொடுக்கும் கடமை, வாங்கிக்கொள்ளும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை என மூன்று கடமைகள் அன்பளிப்புக்கு அடியில் இருப்பதை அவர் காட்டினார். மனமுவந்து தருவதாகத் தோன்றும் பரிசுக்கும் எங்கோ ஒரு கணக்கு வைக்கப்படுகிறது என்பது அவர் கருத்து. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க மோஸ் வர வேண்டியதில்லை. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிக்கொள்ளும் மொய்க் கணக்கே போதும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தை ஒட்டி நடக்கும் மொய் விருந்து, திருமணம், காதுகுத்து என்னும் சாக்குகூட இல்லாமல் இக்கணக்கை மட்டும் தனியே பிரித்தெடுத்து நடத்துகிறது. அங்கே வாங்கிய மொய் கடன்தான் என்பதில் எவருக்கும் ஒளிவுமறைவு இல்லை. ஒருவகையில் அது நேர்மையான ஏற்பாடு. கணக்கை மறைத்து வைத்துக்கொண்டு, செய்முறை குறைந்துபோனதற்காகப் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் உறவுகளோடு ஒப்பிட்டால் அந்த நேர்மையின் அருமை புரியும்.

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடமோ தூக்குச்சட்டியோ வாங்கி, அதில் பெயர் வெட்டித் தரச் சொல்லும் வழக்கம் இக்கணக்கின் மிகக் கெட்டியான வடிவம். கடைக்காரர் கையில் பிடித்த சிறு கருவி உலோகத்தின்மேல் கிறீச்சிட்டபடி ஓடி, அன்பளித்தவர் பெயரையும் நாளையும் புள்ளி புள்ளியாகப் பொறித்துவிடுகிறது. அந்தப் பாத்திரம் உடைவதுமில்லை, பெயர் தேய்வதுமில்லை. இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை. நாற்பது ஆண்டு கழித்து அரிசி அளக்க அதைக் கையில் எடுக்கும் மருமகளுக்கும், மாமியாரின் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். பரிசு மாற்று விருந்து இதற்கு நேர் எதிர் முனையில் நிற்கிறது. அங்கே கொடுத்தவர் பெயர் பொருளின்மேல் இல்லை. வெள்ளை யானை ஆட்டத்திலோ, பெறப்போகிறவர் யார் என்பது கொடுக்கும்போது கொடுத்தவருக்கே தெரியாது. ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பொருள் மூன்று மடிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கும். இப்படிப்பட்ட பரிசுக்கு நன்றிக்கடன் எழுத எந்த நோட்டிலும் பக்கம் இல்லை.

அதனால் அங்கே உறவுக்கும் இடமில்லை என்று கொள்வது தவறு. மோஸின் சிந்தனை வழிவந்த மானிடவியலாளர் குளோத் லெவி-ஸ்ட்ராஸ், உறவுமுறை அமைப்புகள் பற்றி 1949இல் வெளியிட்ட நூலில், தெற்கு பிரான்சின் மலிவு விலை உணவகங்களில் நிலவிய ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். முன்பின் அறியாத இருவர் ஒரே மேசையில் எதிரெதிரே அமர நேர்கிறது. சாப்பாட்டு விலையிலேயே சேர்ந்த ஒரு சிறு புட்டித் திராட்சை மது ஒவ்வொருவர் முன்னும் இருக்கிறது. இரண்டிலும் உள்ளது ஒரே தரம், ஒரே அளவு. ஆயினும் ஒருவர் தம் புட்டியைத் தம் கோப்பையில் கவிழ்க்காமல் எதிரில் இருப்பவர் கோப்பையில் ஊற்ற, அவரும் உடனே அவ்வாறே செய்கிறார். கணக்குப் பார்த்தால் யாருக்கும் ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால், முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்டு முடித்திருக்க வேண்டிய இருவர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பரிசு மாற்று விருந்தின் தத்துவம் முழுவதும் இந்த மேசையில் இருக்கிறது. சம மதிப்புள்ள பொருள்கள், அங்கேயே முடிந்துவிடும் கைமாற்றம், பின்னால் நீளாத பாக்கி ஆகிய மூன்றும் கூடினால் பரிசு பேச்சுக்கு வழிவிடுகிறது. ஒன்று குலைந்தாலும் மொய் நோட்டு திறந்துகொள்கிறது. ஆகவே, விருந்து வைப்பவர் தோரணத்துக்கும் கேக்குக்கும் செலவிடும் கவனத்தில் பாதியையாவது விதிகளுக்குச் செலவிடுவது முறை.

பண்டிகைக் காலப் பரிசுகள் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் எழுதியவற்றுள் மிகுதியும் பேசப்பட்டது ஜோயல் வால்ட்ஃபோகெல் 1993இல் வெளியிட்ட ஆய்வு. கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பரிசுகளின் விலை என்ன இருக்கும் என்றும், கொடுத்தவர்மேல் உள்ள பாசத்தை ஒதுக்கிவிட்டால் அப்பொருளுக்குத் தாங்களே எவ்வளவு கொடுப்பார்கள் என்றும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அவர் கணக்கிட்டார். பரிசின் விலையில் 10 விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவர் கண்ட முடிவு. நண்பர்கள் தந்தவற்றில் இழப்பு குறைவாகவும், ரசனை அறியாத தூரத்து உறவினர் தந்தவற்றில் மிகுதியாகவும் இருந்தது. பின்வந்த ஆய்வாளர் சிலர் இதை மறுத்தார்கள். பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பரிசை மதிப்பிடுவது, உப்பை ஒதுக்கிவிட்டு ஊறுகாயைச் சுவை பார்ப்பது போன்றது என்பதால் அந்த மறுப்பில் நியாயம் உண்டு. எனினும், பரண்மேல் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் ஹாட்பேக்குகளையும் சுவர்க் கடிகாரங்களையும் கண்டவர் எவரும் வால்ட்ஃபோகெலை முற்றாகத் தள்ளிவிட மாட்டார்.

பொருள் தவறான கையில் போய்ச் சேர்கிறது என்றால், எல்லோரும் பரிசைப் பிரித்த பின்னர், 'யாருக்கு எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். போதாது என்பதற்குச் சான்று உண்டு. ஜாக் நெட்ச் என்ற பொருளாதார அறிஞர் 1989இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், மாணவர் குழு ஒன்றுக்குக் காப்பிக் கோப்பையும், மற்றொன்றுக்கு 400 கிராம் சுவிஸ் சாக்லேட்டும் கொடுத்து, சற்று நேரம் கழித்து, விரும்பினால் ஒன்றைத் தந்து மற்றதைப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். எதுவும் முன்னதாகக் கொடுக்கப்படாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்ன மூன்றாம் குழுவில் 56 விழுக்காட்டினர் கோப்பையையும் மற்றவர்கள் சாக்லேட்டையும் எடுத்தார்கள். விருப்பம் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்தது. ஆனால், கோப்பையை முதலில் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினரும், சாக்லேட்டை முதலில் பெற்றவர்களில் 90 விழுக்காட்டினரும் கையில் இருந்ததையே வைத்துக்கொண்டார்கள். ஒரு பொருள் தன்னுடையது ஆனவுடன் அதன் மதிப்பு உயர்ந்துவிடுவதை, அதாவது கைப்பொருளை இழப்பது வராத பொருளைப் பெறாமல் போவதைவிட வலிப்பதை, 'உடைமை விளைவு' என்று கூறுவர்.

வெள்ளை யானை ஆட்டத்தின் பறிப்பு விதி இந்த விளைவைத் தந்திரமாகக் கடந்துவிடுகிறது. கையில் உள்ளதை விட்டுக்கொடுக்கும் முடிவை எவரும் எடுக்க வேண்டியதில்லை. அதை வேறொருவர் எடுத்துக்கொள்கிறார். இழந்தவருக்கு இழப்பின் வலி வருவதற்குள், மேசையில் உள்ள மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கைக்கு வந்துவிடுகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கு. இந்த ஆட்டத்திலோ பல்லைப் பிடித்துப் பார்ப்பதே விதி. கொடுத்தவர் முன்னிலையிலேயே அவருடைய பொருள் வேண்டாம் என்று சொல்லவும், அடுத்தவர் மடியில் உள்ளதை வாய்விட்டு விரும்பவும், நாகரிகம் ஆண்டு முழுவதும் தடுத்து வைத்திருக்கும் ஒரு வாய்ப்பு ஒரு மணி நேரத்துக்குத் திறந்துவிடப்படுகிறது. அந்த அறையில் எழும் சிரிப்புக்குக் காரணம் பொருள்கள் அல்ல, இந்த அனுமதி.

அனுமதி விளையாட்டாகவே இருப்பதற்கு ஒரு நிபந்தனை, பரிசின் விலைக்கு உச்சவரம்பு. இது உடைந்தால் என்ன ஆகும் என்பதை, 2005 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி ஆபீஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரின் கிறிஸ்துமஸ் விருந்துக் கதை எந்த ஆய்வுக்கும் குறையாத நுட்பத்தோடு காட்டியிருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில் உள்ள ஒரு காகித நிறுவனக் கிளையில் சீக்ரெட் சான்டா. உச்சவரம்பு 20 டாலர். மேலாளர் மைக்கேல் மட்டும், தம் சீட்டில் வந்த இளம் ஊழியருக்கு 400 டாலர் விலையுள்ள ஐபாட் வாங்கி வைக்கிறார். தமக்கு வருவதோ சக ஊழியர் ஒருவர் தம் கையாலேயே பின்னிய அடுப்பங்கரைக் கையுறை. அவர் முகம் வாட, நடுவழியில் ஆட்டத்தை யாங்கி ஸ்வாப் ஆக மாற்றிவிடுகிறார். ஒருவருக்கென்றே யோசித்து, இருவருக்கு மட்டும் தெரிந்த வேடிக்கைகளை உள்ளே நிரப்பி வைத்த தேநீர்க் கெண்டி வேறொருவர் கைக்குப் போகிறது. எல்லோரும் ஐபாட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். கையுறை பின்னியவர் அவமானப்படுகிறார். விருந்தைக் காப்பாற்ற மேலாளர் மதுக்கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இக்கதையில் பிழைகள் இரண்டு. விதியை வகுத்தவர்களுள் அதிகாரம் மிக்கவரே அதை மீறியது ஒன்று. கூடுதல் விலை தாராளம் என்று கொடுத்தவர் நினைக்கிறார். மற்றவர்களின் 20 டாலர் பொருள்களை அது ஒரே நொடியில் அற்பமாக்கிவிடுகிறது என்பதையும், வாங்குபவரைக் கடனாளியாக்குகிறது என்பதையும் அவர் காண்பதில்லை. இரு வகை ஆட்டங்களை ஒன்றோடொன்று கலந்தது மற்றொரு பிழை. சீக்ரெட் சான்டாவில் பரிசு ஓர் ஆளுக்கு வாங்கப்படுகிறது. அதில் அந்த ஆளைப் பற்றிய அறிவு பொதிந்திருக்கிறது. வெள்ளை யானையில் பரிசு கூட்டத்துக்கு வாங்கப்படுகிறது. யார் கையில் போனாலும் பொருந்தும் என்பதே அதன் தகுதி. முன்னதற்காக வாங்கிய பொருளைப் பின்னதன் மேசையில் வைப்பது, ஒருவருக்கு எழுதிய கடிதத்தை ஏலம் விடுவதற்குச் சமம். எந்த ஆட்டம் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்றக் கூடாது.

அதே கதையில் கெவின் என்னும் கணக்கர் தம் பெயரையே சீட்டில் எடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தமக்கே ஒரு கால் குளியல் தொட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார். வேடிக்கையாகத் தோன்றும் இது, உண்மையில் மிக எளிதாக நடக்கக்கூடியது. பியேர் ரெமோன் த மோன்மோர் என்ற பிரெஞ்சு கணித அறிஞர், சூதாட்டங்களைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1708இல் வெளியிட்ட நூலில், 13 சீட்டுகளைக் கொண்டு ஆடப்படும் ஓர் ஆட்டத்தை முன்னிட்டு இதே சிக்கலை எழுப்பினார்: பொருள்களைக் கலைத்து அடுக்கும்போது ஒன்றுகூடத் தன் பழைய இடத்தில் வந்து அமராமல் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஐந்து பேர் இருந்தால் சீட்டுகள் பிரியக்கூடிய விதங்கள் 120; அவற்றுள் எவருக்கும் தம் பெயர் வராத விதங்கள் 44 மட்டுமே. ஆள் எண்ணிக்கை கூடும்போது இந்த வாய்ப்பு கூடும் என்றோ குறையும் என்றோ எதிர்பார்ப்போருக்கு வியப்பாக, அது ஏறத்தாழ 36.8 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. பத்துப் பேர் ஆனாலும் நூறு பேர் ஆனாலும், கிண்ணத்தில் சீட்டுக் குலுக்கும் அலுவலகங்களில் ஐந்தில் மூன்றுக்கு மேற்பட்ட முறை யாரேனும் ஒருவர் தம் பெயரையே எடுப்பார். அவர் அதைச் சொன்னால் குலுக்கல் முழுவதையும் மறுபடி நடத்த வேண்டும், சொல்லாவிட்டால் அவர் கெவின்.

இதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. பெயர்ச் சீட்டுகளை நன்றாகக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்து வருபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், தம் பெயர் தமக்கே வருவதற்கு வழியில்லை. இருவர் தங்களுக்குள் கொடுத்து வாங்கி முடித்துக்கொள்ளும் இணைகளும் உருவாவதில்லை. கூட்டம் முழுவதும் ஒரே சங்கிலியாகிறது என்பது கூடுதல் நன்மை: பரிசுகளைப் பிரிக்கும் நாளில் முதலாமவர் தமக்கு வந்ததைப் பிரித்துவிட்டு, தாம் வாங்கியதை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் பிரித்துவிட்டு அதற்கடுத்தவரிடம் கொடுக்க, கடைசிப் பொதி முதலாமவருக்குக் கொடுத்தவர் யார் என்பதை வெளிப்படுத்தும். அடுக்கும் பொறுப்பை ஆட்டத்தில் சேராத ஒருவரிடம் விட்டால் இரகசியமும் காக்கப்படும்.

வெள்ளை யானையில் உள்ள கோளாறு வேறு வகைப்பட்டது. முதலில் வருபவர்க்கு முதல் உரிமை என்னும் பொது வழக்கத்துக்கு மாறாக, இங்கே முதல் எண்காரர் நிலை பரிதாபமானது. அவருக்குப் பறிக்க ஒன்றுமே இல்லை, மற்ற எல்லோரும் அவரிடம் பறிக்கலாம். கடைசி எண்காரரோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிறார். எனவேதான், எல்லோரும் ஆடி முடித்த பின் முதல் எண்காரருக்கு ஒரு மாற்று வாய்ப்புத் தரும் விதி பல வீடுகளில் சேர்க்கப்பட்டது. அதைச் சேர்க்காமல் ஆடுவது நியாயமன்று. அப்போதும் சிலர் கையில் வேண்டாத பொருள் தங்கிவிடும். அதற்குக் கணிதம் ஒரு வழி சொல்கிறது. லாயிட் ஷாப்லி, ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், டேவிட் கேலின் யோசனை என்று குறிப்பிட்டு ஒரு முறையை விளக்கினார்கள். ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த பொருளை வைத்திருப்பவரை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். கையில் உள்ளதே பிடித்திருந்தால் தம்மையே சுட்டலாம். எல்லோரும் யாரையேனும் சுட்டுவதால், எங்கேனும் ஒரு வளையம் உருவாகியே தீரும்: போர்வை வைத்திருப்பவர் புத்தகக்காரரையும், புத்தகக்காரர் மின்கெட்டில் வைத்திருப்பவரையும், அவர் போர்வைக்காரரையும் சுட்டுவதுபோல. வளையத்தில் உள்ளவர்கள் மாற்றிக்கொண்டு விலக, மிஞ்சியவர்கள் மறுபடி சுட்ட, கடைசி ஆள் வரை இது போகும். இம்முறையில் எவரும் முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த நிலைக்குப் போவதில்லை. பொய்யாகச் சுட்டுவதால் எவருக்கும் ஆதாயமும் இல்லை. ஷாப்லி 2012இல் நோபல் பரிசு பெற்றதற்குப் பின்னணியாக இருந்த ஆய்வு மரபில் இக்கட்டுரைக்கும் இடமுண்டு. சிறுநீரகம் தானம் தர முன்வந்தும் பொருத்தம் இல்லாத இணைகளுக்குள் மாற்று ஏற்பாடு செய்யும் திட்டங்களும் இதே வளையச் சிந்தனையிலிருந்து வளர்ந்தவையே. ஆனால், ஆட்டத்தையே இப்படி நடத்திவிட்டால் எல்லோருக்கும் வேண்டியது கிடைக்கும், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பறிப்பெல்லாம் ஓய்ந்து கேக் வெட்டப்படும்போது, வேண்டுவோருக்கு மட்டும் ஒரே ஒரு சுட்டுச் சுற்று வைப்பது போதுமானது.

இனி, தமிழ்நாட்டு அலுவலகங்கள். இங்கே டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து வரும் மின்னஞ்சல், பங்கேற்பு விருப்பத்துக்குரியது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, சேராதவர் பட்டியலைக் குழுத் தலைவரிடம் கேட்டு வாங்கும் இயல்புடையது. மாதக் கடைசியில், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவே, பரிசுக்கு உச்சவரம்பாக வைக்கும் 500 ரூபாய் என்பது மேலாளருக்கும், சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஊழியருக்கும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஒரே எடையுள்ள தொகை அன்று. மேலாளர் கையில் உள்ள பொருளை அவருக்குக் கீழே பணிபுரிபவர் எல்லோர் முன்னிலையிலும் பறிப்பார் என்று எதிர்பார்ப்பதும் வீண்; பறிப்பு விதி சமமானவர்களுக்கு இடையில் மட்டுமே உயிரோடு இருக்கும். மேலாளர் பெயர் சீட்டில் வந்தவர் உச்சவரம்பைத் தாண்டி வாங்குவதும், துப்புரவுப் பணியாளர் பெயர் வந்தவர் உச்சவரம்பின் பாதியோடு நின்றுவிடுவதும் உண்மையில் பழைய செய்முறைக் கணக்கே சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வருவது. பதவியில் உயர்ந்தவர்கள் ஆட்டத்தில் சேராமல், சிற்றுண்டிச் செலவை ஏற்றுக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது எல்லோருக்கும் நல்லது. அவர்கள் கட்டாயம் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், வெள்ளை யானையைத் தவிர்த்துவிட்டு, கிறிஸ் மாம் ஆட்டத்தின் துண்டுச்சீட்டுகளை முன்னிலைப்படுத்தலாம். ஒரு பாட்டுப் பாட வைப்பதற்கு யாருக்கும் 500 ரூபாய் ஆகாது.

அலுவலகம் அல்லாத இடங்களில், அதாவது நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடும் வீடுகளில், உச்சவரம்பைப் பூஜ்யமாக வைப்பதே சிறந்தது. வெள்ளை யானை விருந்தின் சுவையான வடிவமும் அதுதான்: கடைக்குப் போகாமல், வீட்டில் பயன்படாமல் இருக்கும் நல்ல பொருள் ஒன்றைப் பொதிந்து கொண்டுவருவது. பரிசாக வந்ததை மற்றவருக்குக் கொடுப்பது பற்றித் தமிழ் வீடுகளில் வெளியே ஒரு கூச்சமும் உள்ளே ஒரு நெடிய பழக்கமும் உண்டு. நவராத்திரிக் கொலுவில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி, தைக்கப்படாமலேயே வீடு வீடாகச் சுற்றி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துசேர்வது பலருக்கும் தெரிந்த வேடிக்கை. அந்தத் துணிக்கு யாரும் கடன்பட்டதாக நினைப்பதில்லை. தாம்பூலம் போய் வந்தது, அவ்வளவே. கேப்ரியேல் ஆடம்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வும், தாம் கொடுத்ததை மற்றவருக்குக் கைமாற்றினால் முதலில் கொடுத்தவர் மிகவும் வருந்துவார் என்று கைமாற்றுபவர்தான் அஞ்சுகிறாரே தவிர, கொடுத்தவர் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை என்று காட்டியது. பெயர் வெட்டிய பாத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு, பரண்மேல் உள்ள மற்ற எதையும் கொண்டுவரலாம்.

அத்தகைய விருந்துக்கு எட்டுப் பேருக்குக் குறைந்தால் பறிக்கப் போதிய பொருள் இராது. பதினைந்தைத் தாண்டினால் கடைசி எண்காரர் முறை வருவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். பொருள் உடையாததாகவும் வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும். காலாவதியான வாசனைத் திரவியமும் ஒரு கை உடைந்த பொம்மையும் நகைச்சுவை ஆகா. பொதி கொண்டுவர மறந்தவருக்கென்று வீட்டுக்காரர் இரண்டு பொதிகளைத் தனியே எடுத்து வைத்திருப்பது நல்லது. வெறுங்கையோடு வந்தவரை அவமானத்திலிருந்து காப்பதும் விருந்தோம்பலே. யாருக்கு எது கிடைத்தாலும் அதை எடுத்துச் செல்வது அவரவர் பொறுப்பு என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பன்னிரண்டு பேர் வந்துபோன வீட்டில் மறுநாள் காலை நான்கு சுவர்க் கடிகாரங்கள் மிச்சமிருந்தால், அடுத்த டிசம்பரில் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வராது.